விடுபட்ட அளவீடுகளும் இடைச்செருகலும்: வாசகர் கேள்வி–பதில்

அறிவியல் உணரிகள் பதியும் தரவில் ஆங்காங்கே மதிப்புகள் விடுபட்டுப் போனால் அவற்றை இடைச்செருகலால், அதாவது இரு பக்கமும் தெரிந்த மதிப்புகளைக் கொண்டு, எப்படி நிரப்புவது, நிரப்புவது முறைதானா என்று வாசகர்கள் பலர் கேட்டிருக்கிறார்கள். ஒன்றோடொன்று நெருங்கிய கேள்விகளைச் சேர்த்து இங்கே பதில் தருகிறேன்.

கேள்வி: பத்து நிமிடத்துக்கு ஒருமுறை காற்றின் வெப்பநிலையைப் பதியும் உணரியின் ஓராண்டுத் தரவு என்னிடம் இருக்கிறது. சில இடங்களில் ஓரிரு அளவீடுகள் இல்லை. சில இடங்களில் ஒரு நாள் முழுவதுமே இல்லை. எல்லாவற்றையும் நேர்கோட்டு முறையில் நிரப்பிவிடலாமா? எவ்வளவு நீளமான இடைவெளி வரை அதை நம்பலாம்?

பதில்: நேர்கோட்டு முறை, இடைவெளிக்கு முந்தைய கடைசி அளவீட்டையும் பிந்தைய முதல் அளவீட்டையும் ஒரு கோட்டால் இணைத்து, நடுவிலுள்ள கணங்களுக்கு அந்தக் கோட்டின் மீதுள்ள மதிப்புகளைத் தருகிறது. 10:00 மணிக்கு 24.0 டிகிரியும் 10:30 மணிக்கு 24.6 டிகிரியும் பதிவாகியிருந்தால், விடுபட்ட 10:10, 10:20 ஆகியவற்றுக்கு 24.2, 24.4 என்று கிடைக்கும். அந்த அரை மணி நேரத்தில் வெப்பநிலை ஒரே சீராக ஏறியது என்ற அனுமானம் இதற்குள் இருக்கிறது. அரை மணி நேரத்துக்கு அந்த அனுமானம் பெரும்பாலும் பொருந்தும். ஒரு நாளுக்கு அறவே பொருந்தாது.

இடைவெளி நீளமா குறுகலா என்பதை நிமிடக் கணக்கை மட்டும் வைத்துச் சொல்ல முடியாது. அளக்கப்படுவது எவ்வளவு விரைவாக வளைந்து மாறுகிறது என்பதோடு ஒப்பிட்டுத்தான் சொல்ல வேண்டும். கணிதம் இதற்கு ஒரு வரம்பு தருகிறது: இடைவெளியின் வர்க்கத்தை 8-ஆல் வகுத்து, அந்த இடைவெளிக்குள் வளைவரையின் இரண்டாம் வகைக்கெழு (சரிவு எவ்வளவு விரைவாக மாறுகிறது என்பதன் அளவு) எட்டும் உச்ச அளவால் பெருக்கினால் வரும் எண்ணை நேர்கோட்டு முறையின் பிழை தாண்டாது. இடைவெளி இரட்டித்தால் இந்த வரம்பு நான்கு மடங்காகிவிடும்.

உங்கள் தரவுக்கே இதைப் பொருத்திப் பார்ப்போம். ஒரு நாளில் வெப்பநிலை 10 டிகிரி ஏறி இறங்குகிறது என்றும், அந்த ஏற்ற இறக்கம் 24 மணி நேரச் சுழற்சி கொண்ட சைன் அலை போன்றது என்றும் வைத்துக்கொள்ளுங்கள். இடைவெளி அன்றைய உச்ச வெப்பத்தின் மீதோ உச்சக் குளிரின் மீதோ விழுந்தால்தான் பிழை மிகுதி. அப்போது 1 மணி நேர இடைவெளியில் பிழை ஏறத்தாழ 0.04 டிகிரிதான், 2 மணி நேரத்தில் 0.17, 3 மணி நேரத்தில் 0.38; 6 மணி நேரத்தில் சுமார் 1.5; 12 மணி நேரத்தில் 5. ஒரு நாள் முழுவதும் விடுபட்டு, இரு முனைகளும் அதிகாலைக் குளிரில் அமைந்தால், நண்பகலில் உங்கள் கோடு உண்மையிலிருந்து 10 டிகிரி விலகி நிற்கும். உங்கள் உணரியின் துல்லியம் ±0.2 டிகிரி என்றால், இரண்டு மணி நேரம் வரை நிரப்புவதால் வரும் பிழை அந்தத் துல்லியத்துக்குள்ளேயே அடங்குகிறது. மூன்று மணி நேரத்தில் வெளியே போய்விடுகிறது.

ஆனால் இந்தக் கணக்கு மேகமற்ற, அமைதியான நாளுக்கு உரியது. திடீரென மேகம் மூடினாலோ மழை பெய்தாலோ வெப்பநிலை சில நிமிடங்களிலேயே பல டிகிரி சரியும்; சைன் அலை அதைக் காட்டாது. ஆகவே நான் எப்போதும் வலியுறுத்துவது ஒரு சோதனையை. தரவு முழுமையாக உள்ள நாட்களை எடுத்துக்கொண்டு, சில பகுதிகளை நீங்களே மறைத்துவிட்டு, அவற்றை நிரப்பி, மறைத்த உண்மை மதிப்புகளோடு ஒப்பிடுங்கள். மறைக்கும் பகுதிகள் உங்கள் உண்மையான இடைவெளிகளின் அதே நீளத்திலும், இயன்றவரை நாளின் அதே நேரத்திலும் இருக்க வேண்டும். பலர் அங்கொன்றும் இங்கொன்றுமாக ஒற்றை மதிப்புகளை மறைத்துச் சோதித்துவிட்டு, அதில் கிடைத்த சிறிய பிழையை நம்பி ஒரு நாள் இடைவெளியை நிரப்புகிறார்கள். அந்தச் சோதனை ஒரு நாள் இடைவெளியைப் பற்றி எதையுமே சொல்லவில்லை.

கேள்வி: இல்லாத அளவீட்டை எழுதிச் சேர்ப்பது தரவை இட்டுக்கட்டுவது ஆகாதா? என் ஆய்வு வழிகாட்டி ‘நிரப்பு’ என்கிறார்; எனக்கு மனம் ஒப்பவில்லை.

பதில்: உங்கள் தயக்கத்தை நான் மதிக்கிறேன். கணிதப் பாடநூல்களில் நாம் ‘இடைச்செருகல்’ என்று சொல்லும் இதே சொல், இலக்கிய உலகில் ஒரு குற்றச்சாட்டு. பழைய நூலொன்றில் பிற்காலத்தவர் தாமே எழுதி நுழைத்த பாடலை இடைச்செருகல் என்கிறோம். பதிப்பாசிரியர்கள் அத்தகைய பாடல்களை என்ன செய்தார்கள் என்று பாருங்கள். ஐயத்துக்குரியவற்றை ‘மிகைப் பாடல்கள்’ என்று தனியே பிரித்து அச்சிட்டார்கள். ஏட்டில் எழுத்துகள் சிதைந்த இடங்களைப் புள்ளிகளிட்டுக் காட்டினார்கள். படிப்பவருக்கு மூலம் எது, சேர்க்கை எது, இழப்பு எங்கே என்பது தெரிந்துவிடுகிறது. உணரித் தரவுக்கும் நான் வேண்டுவது அதே ஒழுக்கம்தான்.

நடைமுறையில், மூலக் கோப்பில் ஒரு எழுத்தைக்கூட மாற்றக் கூடாது. நிரப்பிய தரவு வேறு கோப்பில் இருக்க வேண்டும். ஒவ்வொரு மதிப்புக்கும் பக்கத்தில் அது அளந்ததா நிரப்பியதா, நிரப்பியதென்றால் எந்த முறையில் என்று சொல்லும் குறியீட்டு நிரல் ஒன்று இருக்க வேண்டும். நான் இந்த வேலைக்கு வந்த புதிதில், ஏரி நீரின் வெப்பநிலைத் தரவில் மூன்று நாள் இடைவெளியை நேர்கோட்டால் நிரப்பி, அதே கோப்பின் மீதே சேமித்துவிட்டேன். ஆறு மாதம் கழித்து அந்த மூன்று நாட்களின் அசாதாரண நிதானத்தைக் கண்டு, ஏரியில் ஏதோ நிகழ்ந்திருக்கிறது என்று எண்ணி அதற்குக் காரணம் தேடத் தொடங்கினேன். என் கையால் வரைந்த கோடு அது என்பது, பழைய நகலொன்று தற்செயலாக அகப்பட்ட பிறகே புரிந்தது.

நிரப்புவதற்கு முன் கேட்டாக வேண்டிய மற்றொரு கேள்வி, மதிப்பு ஏன் விடுபட்டது என்பது. புள்ளியியலாளர் டொனால்ட் ரூபின் 1976-இல் இதற்கு ஒரு வகைப்பாட்டைத் தந்தார். விடுபடுதல் முற்றிலும் தற்செயலாக இருக்கலாம்; நம்மிடமுள்ள வேறு அளவீடுகளைச் சார்ந்து இருக்கலாம்; விடுபட்ட அந்த மதிப்பையே சார்ந்தும் இருக்கலாம். ரேடியோ இணைப்பு சில நொடிகள் அறுந்தது என்றால் முதல் வகை. சூரிய மின்தகட்டால் இயங்கும் கதிர்வீச்சு உணரியை எண்ணிப் பாருங்கள்: தொடர்ந்து மேகமூட்டமாக இருந்தால் மின்கலம் தீர்ந்து, பதிவு நின்றுபோகும், வெயில் திரும்பியதும் மீண்டும் தொடங்கும். விடுபட்டவை எல்லாம் இருண்ட நாட்கள். இரு பக்கத்து வெளிச்சமான மதிப்புகளை இணைத்து நிரப்பினால், இருட்டே இல்லாத ஓர் ஆண்டை நீங்கள் படைத்துவிடுவீர்கள். இந்த மூன்றாம் வகையில், பக்கத்து மதிப்புகளை மட்டுமே பார்க்கும் எந்த இடைச்செருகல் முறையும் உதவாது. இதற்கு வெளியிலிருந்து சான்று வேண்டும்.

உணரியின் மேல்வரம்பைத் தாண்டியதால் விடுபட்ட மதிப்பும் இத்தகையதே. அங்கே மதிப்பு தெரியாவிட்டாலும், ‘வரம்புக்கு மேல்’ என்பது உறுதியாகத் தெரியும். வரம்புக்குக் கீழே ஒரு கோடு வரைந்து அந்த அறிவை அழித்துவிடக் கூடாது.

கேள்வி: நேர்கோடு கரடுமுரடாக இருக்கிறதே என்று முப்படி ஸ்ப்ளைன் முறையைப் பயன்படுத்தினேன். மண் ஈரப்பதத் தரவில் எதிர்ம எண்கள் வந்துவிட்டன. எங்கே தவறினேன்?

பதில்: தவறு உங்களுடையதன்று, அந்த முறையின் இயல்பு அது. முப்படி ஸ்ப்ளைன், ஒவ்வொரு இரு புள்ளிகளுக்கு இடையிலும் ஒரு மூன்றாம் படி வளைவுத் துண்டைப் பொருத்துகிறது; தெரிந்த புள்ளிகளின் வழியே செல்லும் வளைவரையின் சரிவும் வளைவும்கூட எங்கும் முறியாமல் இருக்க வேண்டும் என்று கட்டாயப்படுத்துகிறது. மண் ஈரப்பதம் அப்படிப்பட்டதன்று: மழை பெய்ததும் சட்டென்று ஏறுகிறது, பிறகு நாள்கணக்கில் மெல்ல வடிகிறது. அந்தத் திடீர் ஏற்றத்தை முறிவில்லாமல் எட்டுவதற்காக, வளைவரை ஏறுவதற்கு முன் கீழே தாழ்கிறது, ஏறிய பின் உச்சத்தைத் தாண்டிப் போகிறது. வறண்ட மண்ணில் அந்தத் தாழ்வு பூச்சியத்துக்குக் கீழே போனதைத்தான் நீங்கள் கண்டீர்கள்.

எல்லாப் புள்ளிகளையும் ஒரே உயர்படிப் பல்லுறுப்புக்கோவையால் இணைப்பது இன்னும் ஆபத்தானது. ஜெர்மன் கணிதவியலாளர் கார்ல் ருங்கே 1901-இல் இதைக் காட்டினார். 1-ஐ (1 + 25x²) ஆல் வகுத்தால் வரும் சார்பு −1 முதல் 1 வரை மிக எளிய மணி வடிவம் கொண்டது. அதன் உச்சம் 1. சம இடைவெளியில் 11 புள்ளிகளை எடுத்து, பத்தாம் படிப் பல்லுறுப்புக்கோவையை அவற்றின் வழியே செலுத்தினால், ஓரங்களில் பிழை 1.9-ஐ எட்டுகிறது. புள்ளிகளைக் கூட்டக் கூட்டப் பிழை வளர்கிறதே தவிரக் குறைவதில்லை.

உங்கள் தரவுக்கு ஏற்றது, 1980-இல் ஃபிரிட்ச், கார்ல்சன் ஆகியோர் தந்த ஒருபோக்கு முப்படி முறை. மென்பொருள்களில் ‘பிசிப்’ என்ற பெயரில் கிடைக்கும். இரு புள்ளிகளுக்கு இடையே அது அந்த இரு மதிப்புகளின் எல்லையை ஒருபோதும் தாண்டுவதில்லை. வளைவின் மென்மையைச் சற்று விட்டுக்கொடுத்து அந்த உறுதியைப் பெறுகிறது. 1970-இல் அகிமா தந்த முறையும் அலைபாய்வதைப் பெரிதும் குறைக்கும். ஆனால் எல்லை தாண்டாது என்ற உத்தரவாதம் அதில் இல்லை.

பொதுவாகவே ஒன்றைச் சொல்ல வேண்டும். இந்தக் கணிதம் பிறந்தது வானியல் அட்டவணைகளுக்காக. பாபிலோனிய வானியலாளர்கள் நேர்கோட்டு முறையைக் கையாண்டார்கள்; பிரம்மகுப்தர் 665-இல் சைன் அட்டவணையின் இடை மதிப்புகளைப் பெற இரண்டாம் படி வாய்பாடு ஒன்றைத் தந்தார். அவர்களுடைய அட்டவணைக்குப் பின்னால் மென்மையான, பிழையற்ற வளைவரை ஒன்று உண்மையாகவே இருந்தது. உணரித் தரவுக்குப் பின்னால் இருப்பது இரைச்சலும் திடீர் நிகழ்வுகளும் கலந்த இயற்கை. கோடு அழகாகத் தெரிகிறது என்பதற்காக ஒரு முறையைத் தேர்ந்தெடுக்காதீர்கள்.

கேள்வி: காற்றின் திசை, மழையளவு ஆகியவற்றுக்கும் இதே முறைகள் பொருந்துமா?

பதில்: காற்றின் திசைக்கு நேரடியாகப் பொருந்தாது. முந்தைய பதிவு 350 டிகிரி, பிந்தையது 10 டிகிரி, இரண்டுமே வடக்கை ஒட்டியவை. ஆனால் நேர்கோடு நடுவில் 180 என்று தெற்கைக் காட்டும். திசையை சைன், கொசைன் கூறுகளாகப் பிரித்து, ஒவ்வொன்றையும் தனித்தனியே நிரப்பி, மீண்டும் கோணமாக மாற்றுங்கள். காற்றின் வேகமும் பதிவாகியிருந்தால், வேகத்தோடு சேர்த்துக் கிழக்கு, வடக்குக் கூறுகளாக்குவது இன்னும் நல்லது.

உயரத்துக்கேற்ப மாறும் வளிமண்டல அழுத்தம் ஏறத்தாழ அடுக்குக்குறி முறையில் குறைவது. அதற்கு மடக்கை எடுத்து இடைச்செருகிப் பிறகு மாற்றிக்கொள்ள வேண்டும்.

மழையளவை நிரப்பவே கூடாது என்பது என் கருத்து. மழை விட்டுவிட்டுப் பெய்வது. பக்கத்து இரு மதிப்புகளும் நடுவில் நிகழ்ந்ததைப் பற்றி ஏறக்குறைய எதுவும் சொல்வதில்லை. இன்னொரு குழப்பமும் உண்டு. சாய்வாளி மழைமானியில் உள்ள சிறு வாளி நிரம்பியதும் சாயும்; அப்படிச் சாயும்போது மட்டுமே அது பதிகிறது. பதிவில்லாத நேரம் என்பது மழை பெய்யாத நேரம், அதாவது பூச்சியம். உணரி செயலிழந்த நேரமும் கோப்பில் அதே போலத்தான் தோன்றும். மின்கல அளவு போன்ற வேறு பதிவுகளைக் கொண்டு இவ்விரண்டையும் பிரித்தறிய வேண்டும். மழைமானி மொத்தக் கூட்டுத்தொகையையும் சேமித்து வைத்திருந்தால், இடைவெளியில் மொத்தம் எவ்வளவு பெய்தது என்பதாவது தெரியும். எப்போது பெய்தது என்பது தெரியாது.

கேள்வி: மாதக்கணக்கில் விடுபட்ட தரவுக்கு வழியே இல்லையா?

பதில்: அளக்கப்படுவதன் நடத்தை நன்கு தெரிந்திருந்தால் வழி உண்டு. ஹவாயின் மவுனா லோவா மலையில் சார்லஸ் டேவிட் கீலிங் 1958 மார்ச்சில் தொடங்கிய கார்பன் டை ஆக்சைடு அளவீடு உலகம் அறிந்தது. அந்தத் தொடரிலும் இடைவெளிகள் உண்டு. 1964-இல் பிப்ரவரி முதல் ஏப்ரல் வரை மாதச் சராசரிகள் இல்லை. கார்பன் டை ஆக்சைடு ஆண்டுதோறும் மே மாதத்தில் உச்சம் தொட்டு, செப்டம்பர், அக்டோபரில் தாழ்கிறது. இரண்டுக்கும் இடையே பத்து லட்சத்தில் ஏறத்தாழ 6 பங்கு வேறுபாடு. ஒரு மே மாதம் விடுபட்டு, அதை ஏப்ரலையும் ஜூனையும் இணைக்கும் நேர்கோட்டால் நிரப்பினால், அந்த ஆண்டின் உச்சம் மழுங்கிவிடும்.

ஆகவே வெளியிடப்படும் மாதத் தொடரில் இரண்டு படிகளில் நிரப்புகிறார்கள். அண்டை ஆண்டுகளிலிருந்து பருவச் சுழற்சியின் சராசரி வடிவத்தைக் கணித்து, தரவிலிருந்து அதைக் கழித்துவிடுகிறார்கள். எஞ்சுவது மெதுவாக ஏறும் போக்கு. அந்தப் போக்கில்தான் விடுபட்ட மாதங்களுக்கு நேர்கோடு போடுகிறார்கள். பிறகு அந்த மாதத்துக்குரிய பருவ மதிப்பைத் திரும்பக் கூட்டுகிறார்கள். எளிய நேர்கோடு இங்கே நியாயமாவது, அது மெதுவாக மாறும் ஒன்றின் மீது போடப்படுவதால்தான். முதல் கேள்வியில் வந்த ஒரு நாள் இடைவெளிக்கும் இதே வழியைப் பின்பற்றலாம்: முந்தைய, பிந்தைய நாட்களின் சராசரி நாள்சுழற்சியைக் கழித்து, மீதியை இணைத்து, சுழற்சியைத் திரும்பச் சேர்க்கலாம்.

2022 நவம்பர் இறுதியில் மவுனா லோவா எரிமலை வெடித்து நிலையத்துக்கு மின்சாரம் அறுந்தபோது, அளவீட்டைத் தற்காலிகமாக அருகிலுள்ள மவுனா கேயாவில் தொடர்ந்தார்கள். நிரப்புவதற்கு வசதியான முறை கையில் இருந்தும் அளக்கவே முயன்றார்கள். உங்களாலும் பக்கத்தில் இன்னொரு உணரியை வைக்க முடியுமானால் அதைச் செய்யுங்கள். இரண்டும் ஒன்றாக இயங்கிய காலத்தில் அவற்றின் தொடர்பைக் கண்டறிந்து வைத்தால், ஒன்று நிற்கும்போது மற்றதைக் கொண்டு மதிப்பிடலாம். பல நிலையங்கள் இருந்தால், 1951-இல் டேனி கிரிகே தென்னாப்பிரிக்கச் சுரங்கங்களில் தாதுவளத்தை மதிப்பிட வகுத்த வழியிலிருந்து வளர்ந்த கிரிகிங் முறை, தூரத்தையும் ஒட்டுறவையும் கணக்கில் கொண்டு மதிப்பையும் அதன் நிச்சயமின்மையையும் சேர்த்தே தரும்.

கேள்வி: நிரப்பிய பிறகு சராசரி, திட்டவிலக்கம், அதிர்வெண் பகுப்பாய்வு ஆகியவற்றை வழக்கம்போலச் செய்யலாமா?

பதில்: எச்சரிக்கை தேவை. ஒவ்வொரு அளவீட்டிலும் ஒன்றையொன்று சாராத இரைச்சல் இருக்கிறது என்று கொள்வோம். நேர்கோட்டின் நடுப்புள்ளி இரு மதிப்புகளின் சராசரியாதலால், அதிலுள்ள இரைச்சலின் மாறுபாடு பாதியாகிவிடும். இடைவெளி முழுவதற்கும் சராசரியாகப் பார்த்தால் மூன்றில் இரண்டு பங்கே எஞ்சும். நிரப்பிய பகுதி இயற்கையைவிட அமைதியாக இருக்கும். திட்டவிலக்கம் குறைந்து தோன்றும். அடுத்தடுத்த மதிப்புகளின் ஒட்டுறவு மிகையாகும். மேலும், 1000 அளவீடுகளில் 300 நிரப்பியவை என்றால், உங்களிடம் இருப்பது 700 அளவீடுகளின் அறிவு மட்டுமே. 1000 என்று கொண்டு நம்பக இடைவெளியை (உண்மை மதிப்பு அடங்கக்கூடிய எல்லையை) கணித்தால் அது பொய்யான குறுக்கம். இதைச் சரிசெய்யவே ரூபின் பன்முறை நிரப்புதலை முன்வைத்தார்: ஒரே மதிப்பை எழுதாமல், தகுந்த சிதறலோடு பல முறை நிரப்பி, ஒவ்வொன்றிலும் பகுப்பாய்வைச் செய்து, முடிவுகள் எவ்வளவு வேறுபடுகின்றன என்பதையும் பிழையில் சேர்ப்பது.

சராசரி மட்டுமே வேண்டும் என்றால் பல வேளைகளில் நிரப்பவே தேவையில்லை. அதிர்வெண் பகுப்பாய்விலும் அப்படித்தான். தரவிலுள்ள அதிர்வெண்களைப் பிரித்தெடுக்கும் விரைவு ஃபூரியே உருமாற்றத்துக்குச் சம இடைவெளித் தரவு வேண்டும் என்பதற்காகவே பலர் நிரப்புகிறார்கள். லோம்ப் 1976-இலும் ஸ்கார்கிள் 1982-இலும் செம்மைப்படுத்திய முறை, சம இடைவெளியில்லாத தரவிலிருந்தே சுழற்சிகளைக் கண்டறியும். இரவில் மட்டுமே காண முடிகிற விண்மீன்களின் ஒளிமாற்றத்தை ஆராய வானியலாளர்கள் அதையே நாடுகிறார்கள்.

கேள்வி: மென்பொருளில் கவனிக்க வேண்டியவை எவை?

பதில்: பல தரவுப் பதிவிகள் விடுபட்ட இடத்தில் −9999 போன்ற ஓர் எண்ணை எழுதிவைக்கும். அதை முதலில் ‘எண் அன்று’ என்ற குறியாக மாற்றாவிட்டால், மென்பொருள் அதையும் உண்மை அளவீடாகக் கருதிக் கோடு போட்டுவிடும். பைத்தானின் பாண்டாஸ் நூலகத்தில் இயல்பாக அமைந்த நேர்கோட்டு முறை, நேரமுத்திரைகளைப் பார்க்காமல் எல்லா வரிசைகளும் சம இடைவெளியில் உள்ளன என்றே கொள்கிறது. உங்கள் பதிவுகள் ஒழுங்கற்ற நேரங்களில் இருந்தால் ‘டைம்’ என்ற முறையைக் குறிப்பிட்டுச் சொல்ல வேண்டும். அதே கட்டளை, தொடரின் கடைசியில் உள்ள வெற்றிடங்களையும் கடைசி மதிப்பைக் கொண்டே நிரப்பிவிடும். பைத்தானின் இன்னொரு நூலகமான நம்பையின் இடைச்செருகல் செயற்கூறும் இரு ஓரங்களுக்கு வெளியே அப்படியே செய்யும். அது இடைச்செருகலன்று, புறச்செருகல். ஒரு பக்கம் மட்டுமே தெரிந்த இடத்தில் அதை அனுமதிக்காதீர்கள். எத்தனை மதிப்புகள் வரை தொடர்ந்து நிரப்பலாம் என்று ஒரு வரம்பு கொடுக்கவும் பாண்டாஸில் வசதி உண்டு. ஆனால் அந்த வரம்பைத் தாண்டிய நீண்ட இடைவெளியை அது முழுதாக விட்டுவிடுவதில்லை, தொடக்கத்தில் வரம்பளவுக்கு நிரப்பிவிட்டு நிறுத்துகிறது. நீண்ட இடைவெளிகளை அறவே தொடாமல் விட விரும்பினால், ஒவ்வொரு இடைவெளியின் நீளத்தையும் முன்கூட்டியே எண்ணி, நீண்டவற்றில் நிரம்பியதை மீண்டும் வெறுமையாக்கிவிடுங்கள்.